பதில்: டைஸ் சேரவே மாட்டேங்குது, கார்டு கேமை விட்டுடலாமா?

ப்ரோ, கென்ஷின் இம்பாக்ட் வீடியோ கேம்ல 2022 டிசம்பர்ல இந்தக் கார்டு கேம் வந்தப்பவே பாதிப் பேரு சண்டை போட வந்தவனைச் சீட்டாட வைக்கிறாங்கன்னு பொலம்புனாங்க, ஆனா சிலருக்கு எம்ஆர்டி ரயில்ல போறப்பகூட இந்தக் கேம் ஆடுறதுதான் வேலை, அதனால விட்றாதீங்க லா. உங்க டெக்குதான், அதாவது நீங்க சேத்து வச்சிருக்குற கார்டு கட்டுதான் பிரச்சனை. மூணு கேரக்டருக்கும் நெருப்பு, தண்ணி மாதிரி மூணு எலிமென்ட்டுன்னா எட்டு டைஸ்ல எப்படிச் சேரும்? ரெண்டு பேரையாவது ஒரே எலிமென்ட்ல வைங்க, முதல் உருட்டுல ஆம்னியையும் (எந்த எலிமென்ட்டாவும் செல்லுற டைஸ்) அந்தக் கலரையும் மட்டும் பிடிச்சுக்கிட்டு மத்ததைத் திரும்ப உருட்டுங்க, அப்பவும் உதவாத டைஸ் நின்னுச்சுன்னா கைல இருக்குற வேண்டாத கார்டு ஒண்ணைப் பலி குடுத்தா அது களத்துல நிக்கிற கேரக்டரோட எலிமென்ட்டா மாறிடும். மிச்ச டைஸைச் சேத்து வைக்க இது சிங்கப்பூர் சேமநிதி சிபிஎஃப் இல்ல, ரவுண்டு முடிஞ்சா போச்சு. ஆனா முதல்ல ரவுண்டை முடிக்கிறவருக்குத்தான் அடுத்த ரவுண்டுல முதல் அடி, அதையும் பாத்துக்கோங்க.