போர்ட்லண்டில் வேலை, வான்கூவரில் வீடு: வரி மிச்சமாகுமா?

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லண்ட் அலுவலகத்துக்கு வாரம் மூன்று நாள் போகணும், பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லையே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த மாநிலத்து வான்கூவரில் (கனடா வான்கூவர் அல்ல) குடியேறலாமா என்கிறீர்கள். பாதிக் கணக்குதான் சரி. ஓரிகானுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாட்களின் சம்பளத்துக்கு ஓரிகான் வரி உண்டு. நடுத்தரச் சம்பளத்தின் பெரும்பகுதிக்கு 8.75%. வீட்டிலிருந்து பார்க்கும் இரண்டு நாளுக்குத்தான் பொதுவாக மிச்சம். சம்பளப் பிரிவில் முன்கூட்டியே சொல்லாவிட்டால் முழுச் சம்பளத்துக்கும் பிடித்துவிடுவார்கள். பிறகு ஓஆர்-40-என் படிவம் (ஓரிகானில் குடியிருக்காதவர்களுக்கான வருமான வரிப் படிவம்) போட்டுத்தான் திரும்ப வாங்கணும். எந்த நாள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று தேதிவாரியாகக் குறித்து வையுங்கள்.

ஓரிகானில் விற்பனை வரி இல்லையென்று அங்கே கார் வாங்கினாலும், வாஷிங்டனில் பதியும்போது விற்பனை வரிக்கு ஈடாக யூஸ் டாக்ஸ் என்ற வரியை வசூலிப்பார்கள். குடிபெயர்வதற்கு 90 நாளுக்கு மேல் முன்பே வாங்கி வாஷிங்டனுக்கு வெளியே ஓட்டிய காருக்கு விலக்கு உண்டு.

இரண்டு ஊரையும் இணைக்கும் ஐ-5 நெடுஞ்சாலைப் பாலத்தின் காலை நெரிசலையும் சேர்த்தால், மூன்று நாளுக்கு நான் போர்ட்லண்ட் பக்கமே சொல்வேன். ஒரே நாள் என்றால் வான்கூவர்.