மகனின் சப்பாத்தை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: மகனுக்குப் பதினைந்து வயது, 48 கிலோ. ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் பார்த்து வந்ததிலிருந்து ஜொக்கியாகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இரவில் இரண்டு கிறீம் கிறெக்கரும் பிளேன்ரீயும்தான், நல்ல மனக்கட்டுப்பாடு. அமெரிக்காவில் ஒரு ஜொக்கி ஒரே ஓட்டத்தில் மூன்று லட்சம் டொலர் உழைத்தாராம் என்று என் தம்பி சொல்கிறார். பெங்களூரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் லாயத்தில் சேர்க்கலாமாம், முற்பணம் கேட்கிறார்கள். மூத்தவளின் கலியாணமும் முன்னால் நிற்கிறது. வீட்டுச் செலவோ தாங்க முடியவில்லை. இந்த வருடத்தில் மட்டும் இவனுக்கு இரண்டாம் தரம் சப்பாத்து வாங்கியாயிற்று. ஒரு நல்ல ஜொக்கி உண்மையில் எவ்வளவு உழைப்பார்? இவனை அனுப்பலாமா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இரண்டாம் தரம் சப்பாத்து வாங்கியதைச் செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

வளரும் பையனுக்கு முதலில் நீளுவது பாதம். உயரம் அதன் பின்னால் வரும். ஒரே வருடத்தில் இரண்டு தரம் சப்பாத்து இறுகிப்போனால், உங்கள் மகன் இனித்தான் நெடுக்கப் போகிறான். அப்படி வளருகிற உடம்புக்கு இராச்சாப்பாடு இரண்டு பிஸ்கட்! அதை மனக்கட்டுப்பாடு என்று மெச்சியும் எழுதுகிறீர்கள். எலும்பு தடிக்க வேண்டிய வயதில் பட்டினி கிடந்தால் எலும்பு நொய்ந்துபோகும். பட்டினி கிடந்து நிறை குறைக்கும் ஜொக்கிகளிடம் வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் காண்பதும் இதைத்தான். அந்த எலும்போடுதான் 450 கிலோவுக்கு மேற்பட்ட குதிரையிலிருந்து, மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் விழ வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னால் அம்புலன்ஸ் ஓடுவது சும்மா அல்ல.

ஒரு கணக்குப் போடுங்கள். கணவரின் உயரத்தையும் உங்கள் உயரத்தையும் சென்ரிமீற்றரில் கூட்டி, அதோடு 13 சேர்த்து இரண்டால் பிரியுங்கள். மகன் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வருவான். எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் கூடலாம், குறையலாம். தகப்பன் 175, தாய் 160 என்றால் விடை 174. அந்த உயரத்துக்கு ஆரோக்கியமான நிறையின் அடிமட்டமே 56 கிலோ. பந்தயத்தில் ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்குவார்கள். குறைந்த நிறை ஒதுக்கப்பட்ட குதிரைக்கோ அது 50 கிலோவுக்குக் கிட்டத்தான் இருக்கும். ஓட்டத்துக்கு முன் ஜொக்கி சேணத்தோடுதான் தராசில் ஏறுவார், ஆகவே சேணத்தின் பாரமும் அதற்குள் அடக்கம். வென்றவர் ஓட்டம் முடிந்ததும் மறுபடி ஏற வேண்டும். அனுமதித்ததைவிட நிறை குறைந்திருந்தால் வெற்றியே பறிபோகும். இங்கிலாந்து ஜொக்கி லெஸ்டர் பிகொட் 173 சென்ரிமீற்றர் உயரத்தோடு, அந்நாட்டின் பெரும் பந்தயமான டேர்பியை ஒன்பது தரம் வென்றவர்தான். அதற்காக ஆயுளில் பாதியை அரைவயிற்றோடு கழித்தார். நிறை குறைக்க வியர்வை அறையில் குந்தியிருப்பது அத்தனை ஆபத்து என்பதால்தான், பிரித்தானியப் பந்தயத் திடல்களில் அந்த அறைகளை 2021இல் நிரந்தரமாக மூடினார்கள்.

இனிப் பணம். தம்பி சொன்ன மூன்று லட்சம் பொய் அல்ல. அமெரிக்காவின் பெரும் பந்தயமான கென்டக்கி டேர்பியில் 2024இல் மொத்தப் பரிசு 50 லட்சம் டொலர். முதலாவதாக வந்த குதிரைக்கு 31 லட்சம், அதில் பத்து வீதம் ஜொக்கிக்கு. இருபது குதிரை ஓடும் அந்தப் பந்தயம் வருடத்தில் ஒரு தரம்தான் நடக்கும்.

அங்கேயே சாதாரண நாளைப் பாருங்கள். மொத்தப் பரிசு 20,000 டொலர் என்றால் முதல் குதிரைக்கு வழக்கமாக 60 வீதம், அதாவது 12,000. ஜொக்கிக்கு 1,200. குதிரைகளைப் பிடித்துக் கொடுக்கும் முகவர் அதில் கால்பங்கு, 300, எடுப்பார். சேணமும் உடுப்பும் பார்க்கும் உதவியாளுக்கு ஐந்து வீதம், 60. மிச்சம் 840. வரி, பயணம், வைத்தியக் காப்புறுதி எல்லாம் அதற்குள். இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு வந்தால், அந்த இடத்துப் பரிசில் ஐந்து வீதம்தான் ஜொக்கிக்கு. இடமே கிடைக்காவிட்டால் ஏறிய கூலி நூறு டொலர் அளவு, அதிலும் முகவருக்குப் பங்கு. மிகத் திறமையான ஜொக்கிகூட ஐந்து ஓட்டத்தில் நான்கைத் தோற்பவர். விழுந்து கை முறிந்தால் ஏறிய கூலியும் நின்றுவிடும். உச்சத்தில் நின்ற ஜொக்கி ஃபிராங்கி டெட்டோரியே வரிச் சிக்கலால் 2025இல் வங்குரோத்து நிலைக்குப் போனார்.

பழகுநர் ஜொக்கிகள் விழும் குழி ஒன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் அவர்களுக்கு நிறைச் சலுகை உண்டு, அதாவது அவர்கள் ஏறும் குதிரைக்கு ஒதுக்கிய பாரத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். பிரித்தானியாவில் 20 வெற்றி வரை 7 இறாத்தல், 50 வரை 5, 95 வரை 3. குதிரைக்குப் பாரம் குறைவதால் சொந்தக்காரர்கள் தேடி வந்து ஏற்றுவார்கள். சலுகை முடிந்த மறுநாள், அதே குதிரைக்குச் சம்பியன் ஜொக்கியும் உங்கள் மகனும் ஒரே நிறையில் வரிசையில் நிற்பார்கள். யாரை ஏற்றுவார்கள்? பலருடைய தொழில் முடிவது அந்த இடத்தில்தான்.

எங்கள் நாட்டில் இதை நம்பிச் சோறு தின்ன முடியாது. கொழும்பு றீட் அவெனியூத் திடலில் பந்தயம் 1956இலேயே நின்றுபோயிற்று, இப்போது அங்கே றக்பி ஆடுகிறார்கள். மிஞ்சியது நுவரெலியா, அங்கும் ஒரு வருடத்தில் பந்தயம் நடப்பது சில நாட்களே.

மூத்தவளின் கலியாணத்தை இந்தக் கடிதத்தில் ஏன் எழுதினீர்கள்? அக்காவுக்காகத் தம்பி உழைப்பது எங்கள் வீடுகளில் உள்ள நல்ல வழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். உழைக்கிற வயது வந்த பிறகு உழைக்கட்டும். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பட்டினி போட்டு மூத்தவளுக்குத் தாலி செய்ய வேண்டாம். கலியாணச் செலவு தாய் தகப்பனின் பொறுப்பு. வேண்டுமானால் தாய்மாமனும் கை கொடுக்கட்டும்.

இன்றிரவே சோறோ பிட்டோ, முட்டையோ மீனோ வைத்து, பக்கத்தில் இருந்து சாப்பிட வையுங்கள். நிறைத் தராசை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தட்டைத் தள்ளினால், ஒளித்து வைத்தால், தின்றதை வாந்தி எடுத்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எப்படியும் சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவரைக் கண்டு, இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு வளருவான் என்று ஓரளவு தெரியும். அந்த அறிக்கையை அவன் கையிலேயே கொடுங்கள். நீங்கள் மறிப்பதைவிட அது அவனுக்கு விளங்கும்.

குதிரையில் உண்மையான ஆசை என்றால் வழி இருக்கிறது. காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டுபவர்கள் ஜொக்கியைவிடப் பாரமாக இருக்கலாம். ஓ/எல் நன்றாகச் செய்து, ஏ/எல்லில் உயிரியல் எடுத்தால் பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பெங்களூர்க்காரருக்கு ஒரு சதம் கொடுக்காதீர்கள். பயிற்றுநரின் பெயரையும், அவர் எந்தக் குதிரைப் பந்தயக் கழகத்தின் உரிமம் பெற்றவர் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தக் கழகத்துக்கே நேரே எழுதுங்கள்: வெளிநாட்டுப் பிள்ளையைப் பழகுநராக எடுப்பார்களா, எத்தனை வயதில், விழுந்தால் காப்புறுதி யார் பொறுப்பு? இதைக் கேட்டதும் அந்த ஆள் நழுவினால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். கழகத்திடமிருந்து பதில் வந்தால், எலும்பு வயது அறிக்கையும் அவன் 165 சென்ரிமீற்றரைத் தாண்ட மாட்டான் என்று சொன்னால், ஓ/எல் எழுதி முடித்த பிறகு, தகப்பனும் கூட இருக்கும்போது பேசி முடிவெடுங்கள்.