ஏழாம் நம்பர் பையன் தேர்வாகாததற்கு உயரம்தான் காரணமா?

ஈசூனிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகனுக்கு 17 வயது, பள்ளி ரக்பி அணியில் 7-ஆம் நம்பர், உயரம் 172 சென்டிமீட்டர். தேசிய இளையர் அணித் தேர்வுக்குப் போனான், எடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. உயரம்தான் குறையா? 4,000 வெள்ளி கொடுத்தால் வீடியோ தயாரித்துத் தேர்வாளர்களிடம் சேர்ப்பதாக ஒருவர் சொல்கிறார். தாத்தா ஈப்போவில் பிறந்தவர் என்பதால் முதலில் மலேசியாவுக்கு ஆடிவிட்டு அப்புறம் சிங்கப்பூருக்கு வந்துவிடலாம் என்றும் சொல்கிறாராம். 800 வெள்ளி முன்பணம் கொடுத்தாயிற்று.

மீதி 3,200 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

172 குறைவுதான், இல்லையென்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் ஸ்க்ரமின் (இரு அணியினரும் வரிசையாகப் பிணைந்து தள்ளும் அமைப்பின்) கடைசி வரிசையில் நிற்கும் 6, 7, 8 மூவரையும் தேர்வாளர் தனித்தனியாக எடை போடுவதில்லை, ஒரு கூட்டாகத்தான் எடுக்கிறார். மூவரில் ஒருவன் லைன்அவுட்டில், அதாவது வெளியே போன பந்தைத் திரும்ப எறியும்போது, எழும்பிப் பந்தைப் பிடிக்க வேண்டும், ஒருவன் பந்தோடு முட்டி முன்னேற வேண்டும், ஒருவன் எதிரணியின் பந்தைப் பறிக்க வேண்டும். 8-ஆம் நம்பருக்கு ஏற்கெனவே குட்டையான, வேகமான பையன் ஒருவனை முடிவு செய்துவிட்டார்கள் என்றால், உங்கள் மகன் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் 7-இல் உயரமானவனைத்தான் தேடுவார்கள். 2015 உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியா, பந்து பறிப்பவர்கள் இருவரை, மைக்கேல் ஹூப்பரை 7-இலும் டேவிட் போகாக்கை 8-இலும், ஒன்றாக இறக்கி இறுதியாட்டம் வரை போனது. அந்தத் துணிச்சல் எல்லாத் தேர்வாளருக்கும் வராது. இதை ஒரே வரியில் பையனிடம் சொல்லியனுப்ப இங்கே யாருக்கும் நேரமில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். பட்டியலை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. பிள்ளை ஒரு வருடம் தன் உயரத்தையே நொந்துகொண்டு திரிகிறான், பெற்றோர் தரகரிடம் போய் மாட்டுகிறார்கள்.

7-ஆம் நம்பரிடம் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். பந்தோடு ஓடும் எதிராளியை நம்மவன் ஒருவன் பிடித்து வீழ்த்துகிறான், அதுதான் டேக்கிள். டேக்கிள் செய்தவன் பிடியை விட்டு எழுந்து, காலூன்றி நின்ற பிறகுதான் பந்தில் கை வைக்கலாம். அடுத்து ஓடி வருபவன் கையையோ முழங்கையையோ தரையில் ஊன்றாமல், சொந்தக் காலில் நின்று குனிந்து பந்தைப் பற்றி, எதிரணிக்காரன் வந்து மோதும் அந்த இரண்டு விநாடியைத் தாங்கிவிட்டால், கீழே கிடப்பவன் பந்தை விடவில்லை என்று நடுவர் விசில் ஊதுவார். இதற்குக் குட்டையானவனே தோது. எந்த ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியினரும் முட்டி நிற்கும் இடத்தில்) கை வைக்கக் கூடாது என்று தெரிந்து விலகி, தற்காப்பு வரிசையில் போய் நிற்கிறானா, டேக்கிள் முடிந்ததும் எத்தனை சீக்கிரம் எழுகிறான், கடைசி இருபது நிமிடத்திலும் அப்படியே எழுகிறானா என்பதையெல்லாம் பார்ப்பார்கள்.

அந்த ஆள் தயாரிக்கும் வீடியோவில் இது எதுவும் இருக்காது. பாட்டுப் போட்டு, பையன் ஓடி எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி டிரை அடிக்கும் நாலு காட்சியை ஒட்டியிருப்பார். அந்த மாதிரி வீடியோவைப் பார்த்து 7-ஆம் நம்பரை எடுக்கும் தேர்வாளர் யாரையும் நான் கண்டதில்லை. நடுக்கோட்டுக்கு நேரே படிக்கட்டு மேலே நின்று, ஒரு முழு ஆட்டத்தைக் கைப்பேசியில் வெட்டாமல் எடுத்துப் பள்ளிப் பயிற்றுவிப்பாளர் வழியாக அனுப்புங்கள். காசு செலவில்லை.

மலேசியா விஷயத்தில் அவர் சொல்வது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஆட உலக ரக்பி அமைப்பின் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்நாட்டின் முதல்நிலை அணிக்கு ஒருமுறை ஆடிவிட்டால் அங்கேயே கட்டுப்பட்டான். 2022 முதல் நாடு மாற ஒரு வழி திறந்திருக்கிறது: 36 மாதம் எந்தச் சர்வதேச ஆட்டமும் ஆடாமல் இருந்து, அனுமதி வாங்கி, வாழ்நாளில் ஒரே ஒருமுறை மாறலாம். அதுவும் தான் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கோ மட்டும். இங்கேதான் நம் குடும்பங்கள் பலவும் சறுக்கும். உங்கள் மகன் பிறந்தது எங்கே? சிங்கப்பூரில் என்றால் மூன்று வருடம் காத்திருந்து திரும்பலாம். சென்னையிலோ திருச்சியிலோ பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவன், நீங்கள் இருவரும் உங்கள் பெற்றோரும்கூட இங்கே பிறக்கவில்லை என்றால், திரும்ப வழியே இல்லை. சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட் இருக்கிறதே என்பீர்கள். இந்த மாற்றத்துக்கு அது செல்லாது, பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். இங்கே பல வருடம் இருந்ததால் கிடைக்கும் தகுதி, வேறு எந்த நாட்டுக்கும் ஆடாதவனுக்குத்தான் உதவும், மாறி வருகிறவனுக்கு உதவாது. அதனால் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கென்று மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதாக இருந்தால் தேசிய சேவைக்கான எக்சிட் பெர்மிட்டும், அதாவது வெளிநாடு போக அனுமதியும், வேண்டும். இதை எந்தத் தரகரும் தானாகச் சொல்வதில்லை.

அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ரக்பிக்குத் தேர்வு இருந்தால் அதற்கும் பையனை அனுப்புங்கள். அதில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூவர்தான், கடைசி வரிசை என்ற ஒன்றே கிடையாது, அதனால் உயரக் கணக்கும் வேறு.

கொடுத்த 800 வெள்ளியை எழுத்தில் திரும்பக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். பேநவ் ரசீதையும், அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். இழுத்தடித்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள், வக்கீல் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும்.