முகம் இல்லாத சைக்கி

கேள்வி: இத்தாலியச் சிற்பி கனோவாவின் காலத்துச் சிற்பி ஒருவர் சாக் குச்சியால் வரைந்த ஓவியம் ஒன்றின் நகலைப் பார்த்தேன். ரோமக் காதல் தெய்வம் க்யூபிட்டும் அவன் காதலி சைக்கியும் அதில் இருக்கிறார்கள். முதுகும் தோளும் அவ்வளவு நுணுக்கம். முகம் வெறும் முட்டை வடிவம், பாதங்களையே காணோம். பாதியில் விட்டுவிட்டாரா? மையில் வரையாமல் சாக் எதற்கு?

பதில்: தனக்கு வேண்டியது தோளிலும் முதுகிலும் கிடைத்துவிட்டது, நிறுத்திவிட்டார். நானும் களிமண்ணும் உளியுமாக இருக்கிறவன். சிலைக்காக வரையும்போது எடை எங்கே இறங்குகிறது, வெளிச்சம் எங்கே திரும்புகிறது என்றுதான் மனம் தேடும். கண், உதடெல்லாம் களிமண்ணில் பார்த்துக்கொள்ளலாம். சாய்ந்த உடம்பை இன்னொரு கை தாங்கும்போது தோள்பட்டை எவ்வளவு ஏறும், இடுப்பு எவ்வளவு திருகும் என்பதில் தப்பினால், பளிங்கில் ஒட்டிச் சேர்க்க வழியில்லை.

கனோவா 1787-ல் தொடங்கிய சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதாளத்திலிருந்து கொண்டுவந்த ஜாடியைத் திறந்து மயங்கிக் கிடந்த சைக்கியை க்யூபிட் எழுப்புகிறான். அவள் தூக்கிய கைகள் அவன் தலையைச் சுற்றி வளையமாகின்றன. வளையத்துக்கு நடுவே வெறும் காற்று! கல்லில் இப்படித் துணிகிறவர் எத்தனை கோணத்தில் யோசித்திருக்க வேண்டும்.

சரி, சாக் குச்சிக்கு வருவோம். மைக்கோடு விழுந்தால் விழுந்ததுதான். கறுப்பு சாக் கரி கலந்த மென்மையான கல். சிவப்பு, இரும்பு ஆக்சைடு ஏறிய களிமண். நுனியால் இழுத்தால் கோடு, படுக்கவைத்துத் தேய்த்தால் நிழல், விரலால் மழுக்கினால் சதை உருண்டு திரும்பும். களிமண்ணை வழித்துப் பழகிய கைக்கு இதைவிட இணக்கமான பொருள் கிடையாது. சாம்பல் நிறத் தாள் என்றால் நடுநிழலைத் தாளே தந்துவிடும். மேடான இடத்தில் வெள்ளை சாக்கைத் தொட்டுவைத்தால் போதும். ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களுக்கு வரைந்து 1793-ல் வெளிவந்த படங்கள் முழுக்கப் புறக்கோடுகள். அழகுதான், ஆனாலும் என் மனம் சாக் பக்கமே சாய்கிறது.

நகலை மறுபடி பாருங்கள். முதுகெலும்புப் பள்ளத்தில் கோடு அழுந்தியிருக்கிறதா, தோள்முனையில் மெலிந்து விட்டுப்போகிறதா? முழங்கைக்கு இரண்டு மூன்று கோடு தெரிந்தால், கையை நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம், இத்தாலி போக வாய்த்தால் பஸ்ஸானோ டெல் கிராப்பா அருங்காட்சியகத்தில் கனோவாவின் ஓவியத் தொகுப்பைப் பாருங்கள். அவர் பிறந்த பொஸ்ஸான்யோவில் பிளாஸ்டர் உருவங்கள் இருக்கின்றன, பளிங்குக்கு அளவெடுக்க அடித்த சின்னச் சின்ன ஆணிகளோடு.