கணக்கில் ஏறாத பிடித்தம்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். படித்தவன். எம்பிஏ இருந்தால்தான் மேலே போகலாம் என்கிறார்கள். வேலையை விட முடியாது. மதுரையில் சனி, ஞாயிறு வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரி, இக்னோவின் தொலைதூரப் படிப்பு, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏ என்று மூன்று யோசனை இருக்கிறது. எதில் சேரலாம்? தபாலில் படித்த பட்டத்துக்கு மதிப்பு உண்டா? குழந்தையை மனைவி பார்த்துக்கொள்வார். நம்ம ஊரில் இதைப் படித்துவிட்டுச் செய்ய ஒன்றும் இல்லை. சென்னைக்குப் போக ஒரு வழி, அவ்வளவுதான்.

க.

அன்புள்ள க.,

மதிப்பைப் பற்றிய கவலையை விடுங்கள். அனுமதி பெற்ற தொலைதூர, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் சேரும் வருடத்துக்கு அந்த எம்பிஏவுக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனில் கூப்பிட்டு ‘இன்றுதான் கடைசி நாள்’ என்று அவசரப்படுத்துகிறவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மதுரை வகுப்பா? தம்பி, இறால் கம்பெனியில் இருந்துகொண்டா ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பற்றி யோசிக்கிறீர்கள்? நம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரைக்கு வருகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு விடியும்போது வந்து நிற்கும். எடை, ரேட்டு, ஐஸ், லாரி எல்லாம் உங்கள் மேஜைக்கு வருகிற நேரத்தில் நீங்கள் 150 கிலோமீட்டர் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். முதலாளி ஒரு மாதம் பொறுப்பார், அப்புறம்? இக்னோவில் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்களுக்கும் வேலை குறையும். படிக்க அதைவிட நல்ல காலம் எது? இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடத்துக்குள் முடித்தாலும் சரிதான்.

மனைவி பார்த்துக்கொள்வார் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். நம்ம ஊரில் செய்ய ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெரியப்பா பாம்பனில் ஒரு மீன் வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பேரேட்டில் தேதி, படகு, எடை, ரேட்டு எல்லாம் நீல மையில் இருக்கும். ஐஸ், டீசல், அட்வான்ஸ் என்று பிடித்தம் மட்டும் சிவப்பு மையில். கணக்கு முடிக்கிற அன்று படகுக்காரர் வீட்டுப் பெண்கள் திண்ணையில் உட்காருவார்கள், அவர் சத்தமாக வாசிப்பார். விரல் கணுவில் எண்ணிக்கொண்டே வந்த ஒரு அம்மா ஒருமுறை, “ஏலத்துல என்ன வெல போச்சு, எங்களுக்கு என்ன வெல போட்டிருக்கீக?” என்று கேட்டுவிட்டார். பெரியப்பா பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் பேரேட்டில் கட்டமே கிடையாது. உள்ளேயிருந்து வியாபாரி, “அடுத்த ஆளக் கூப்பிடுப்பா” என்றார்.

உங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் இருக்கிறதா? கரையில் மீன் வாங்கும் ஏஜெண்டிடம் அட்வான்ஸ் வாங்கிய நாட்டுப்படகுக்காரர் பிடித்ததை அந்த ஏஜெண்டுக்கேதான் போட வேண்டும், ஏஜெண்ட் சொன்னதுதான் ரேட்டு. வட்டி இல்லாத பணம் என்று பெயர். நீங்கள் கணக்குப் படித்தவர், போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 கிலோ, கிலோவுக்கு 40 ரூபாய் ஏஜெண்ட் குறைத்துப் போடுகிறார். மாதம் 16 நாள் தொழில் என்றால் 6,400 ரூபாய். வருடத்தில் பத்து மாதம் ஓடினால் 64,000. அதாவது 64 சதவீதம், அசல் அப்படியே நிற்கிறது. இந்தப் பிடித்தத்தை எந்தப் பேரேட்டிலும் யாரும் சிவப்பு மையில் எழுதுவதில்லை.

விவசாயிகளுக்கு வங்கி கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டு மீனவர்களுக்கும் 2018-19-லேயே வந்துவிட்டது. ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீத வட்டியோடு முடிகிற கடன். அப்படியும் ஏன் ஏஜெண்டிடம் போகிறார்கள்? விவரம் தெரியாமல் இல்லை. ராத்திரி எஞ்சின் மக்கர் பண்ணினால் பணத்தோடு வருகிறவர் அவர்தான். காற்று வீசிப் பத்து நாள் கடலுக்குப் போகாவிட்டாலும் பணம் கேட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார். அந்த உதவிக்கும் ஒரு விலை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 64 சதவீதமா?

திருவனந்தபுரம், கன்னியாகுமரி கரையில் மீனவர் சங்கங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. சங்கமே ஏலம் விடும்; விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்குப் பிடித்துக்கொள்ளும். மீன் படாத நாளில் பிடித்தமும் இல்லை. அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் 1980-ல் உருவானது. நம் கரையில் ஒரு ஊருக்கு அதைச் செய்ய எவ்வளவு முதல் வேண்டும், எத்தனை படகு சேர்ந்தால் கட்டுப்படியாகும், ராத்திரி எஞ்சினுக்குப் பணம் யார் தருவது? எம்பிஏவில் நிதி என்றும் சந்தை என்றும் தனித்தனித் தாளாக வைத்திருப்பதெல்லாம் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தானே! நீங்கள் தினமும் அந்த அட்வான்ஸை வவுச்சரில் ஏற்றிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்கிறீர்கள். கோபம் வராதா? முழுநேரம் படிக்கிற பிள்ளைகள் யாரோ எழுதிய கம்பெனிக் கதையை வைத்துத்தான் படிக்க வேண்டும். உங்களுக்கு நிஜமான கணக்கு கையிலேயே இருக்கிறது.

இக்னோ எம்பிஏவில் ப்ராஜெக்ட் உண்டு. இதையே எடுங்கள். சேருவதற்கு முன்னால், மூன்று மாத வவுச்சரைப் பார்த்து ஐந்து படகுக்கு மட்டும் ஏல விலையையும் கொடுத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கம்பெனி பெயரோ ஆள் பெயரோ எனக்கு வேண்டாம், சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். சென்னைக்குப் போவதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.