யூரியாவும் தொட்டிப் பாசியும்

கேள்வி: எனது தோட்டம் யாழ்ப்பாணத்து உரும்பிராயில். மிளகாய் நட்டிருக்கிறேன், பக்கத்தில் வெங்காயம். கிணற்றிலிருந்து சீமெந்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, அங்கிருந்து சொட்டு நீர்ப்பாசனத்துக்கு விடுகிறேன். தொட்டி பத்தடிக்குப் பத்தடி, ஐந்தடி ஆழம். யூரியாவையும் ஒரு தடவைக்கு ஒரு கிலோவாக அதிலேயே கரைத்து விடுவதால் வேலை சுலபம். சித்திரைக்குப் பிறகு தொட்டி முழுக்கப் பச்சை இழைப் பாசி. கையில் எடுத்தால் வழுக்குகிறது. அள்ளிப் போட்டாலும் பத்து நாளில் திரும்ப வந்துவிடும். கடையில் தந்த மயில்துத்தத்தை (செப்புச் சல்பேற்று) இரண்டு தடவை போட்டேன். பாசி வெளுத்துச் செத்தது, குழாய்கள் அடைத்தன, பிறகு மறுபடியும் பச்சை. இதை அடியோடு கொல்ல எந்த மருந்து நல்லது? இந்தத் தண்ணீர் மிளகாய்க்குக் கூடாதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். பாசி உங்கள் மிளகாயை ஒன்றும் செய்யாது. குழாயை அடைக்கும், அவ்வளவுதான்.

வழுக்குகிறது என்று எழுதியிருப்பதால் இது பெரும்பாலும் ஸ்பைரோகைரா என்ற இழைப் பாசி. சொரசொரப்பாக, கிளை விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் கிளாடோபோரா என்ற வேறு பாசி என்று சொல்லியிருப்பேன். ஸ்பைரோகைராவுக்குக் கிளை இல்லை. உருளையான கலங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த இழை, வெளியே வழுவழுப்பான உறை. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பச்சையவுருமணி, அதாவது வெளிச்சத்தில் உணவு செய்யும் பச்சைப் பகுதி, நாடாவாகச் சுருண்டு ஓடும். வெயிலில் அது விடுகிற ஒட்சிசன் குமிழிகள் இழைகளுக்கிடையே சிக்குவதால்தான் மத்தியானத்தில் பாசி மேலே மிதக்கிறது. அள்ளுவதென்றால் அந்த நேரத்தில், வலையால் முழுதாகத் தூக்குங்கள். தடியால் கிளறாதீர்கள். எந்தக் கலமும் பிரியக்கூடியது, அறுந்த ஒவ்வொரு துண்டும் தனி இழையாக வளரும். கிளறி அள்ளுகிறவர் பாதியை அள்ளி மீதியை நட்டுவிட்டுப் போகிறார்.

பாசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் வற்றும்போது, அல்லது சத்துக் குறையும்போது, இரண்டு இழைகள் பக்கம் பக்கமாகப் படுக்கும். எதிரெதிர்க் கலங்களில் முளை கிளம்பி, ஒன்றோடொன்று முட்டி, நடுவில் குழாய் திறக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஏணியும் படிகளும் மாதிரித் தெரியும். ஒரு பக்கத்துக் கலத்தின் உள்ளிருப்பது முழுவதும் அந்தக் குழாய் வழியே ஊர்ந்து மறுபக்கத்துக் கலத்தோடு சேரும். ஒரு இழை வெறும் கூடாகிவிடும், மற்றதில் கலத்துக்கொரு நுகவித்தி, அதாவது இரண்டும் சேர்ந்து உண்டான வித்து, இருக்கும். அதற்குத் தடித்த சுவர். காய்ந்தாலும் சாகாமல் அடிச் சேற்றில் கிடக்கும். நல்ல தண்ணீரும் வெளிச்சமும் கண்டதும் ஒவ்வொன்றும் ஒரு புது இழையை விடும்.

மயில்துத்தம் இழையைக் கொல்லும், இந்த வித்தியை விட்டுவிடும். அதுவும் நமது தண்ணீரில் அரைகுறைதான். சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருகிற காரத் தண்ணீரில் செம்பின் பெரும்பகுதி காபனேற்றாகிப் படிந்துவிடும். பாசி போகவில்லை என்று கடைக்குப் போனால் அளவைக் கூட்டச் சொல்லி இன்னொரு பக்கற் தருவார்கள். மண்ணில் சேர்ந்த செம்பை யார் எடுப்பது? செத்த இழைகள் அழுகும்போது, தங்களுக்குள் வைத்திருந்த நைதரசனைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும், அதில் அடுத்த பாசி வளரும். கடைக்காரருக்கு நட்டமில்லை. யூரியாவையும் விற்கலாம், யூரியா வளர்த்த பாசிக்கு மருந்தையும் விற்கலாம்.

சரி, யூரியாவைத் தொட்டியில் கரைப்பதாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன். உங்கள் தொட்டி கொள்வது சுமார் 14,000 லீற்றர். ஆக, கரைத்தவுடன் லீற்றருக்கு 33 மில்லிகிராம் நைதரசன். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று (நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தது), நைதரசனாகக் கணக்கிட்டால் 11 வரும். அதைப் போல மூன்று மடங்கை வெயிலில் திறந்து வைத்துவிட்டுப் பாசி ஏன் வருகிறது என்று கேட்கிறீர்கள். வெளியேறும் குழாய் தரைக்குச் சற்று மேலே இருந்தால் அடித் தண்ணீர் எப்போதும் மிஞ்சும், யூரியாவோடு.

இனி யூரியாவைத் தனி வாளியில் கரைத்து, தொட்டிக்குப் பிறகு, வடிகட்டிக்கு முன்னால் குழாயில் சேருங்கள். பசளைச் சாக்கையும் தொட்டியில் அலச வேண்டாம். வெங்காயத்துக்கும் கைக்கணக்கில் வீசாதீர்கள். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும், செம்மண் அதைப் பிடித்து வைக்காது. கூடுதலாக இறைக்கிற தண்ணீரும் மாரி மழையும் அதைச் சுண்ணாம்புக் கல் வெடிப்புகளுக்குள் இறக்கும், அங்கே இருப்பது நாம் குடிக்கிற தண்ணீர். குடாநாட்டில் நமக்கு வற்றாத ஆறு கிடையாது. முன்பு பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்தித் தோட்டம் செய்தவர்கள் விளைச்சலில் தோற்கவில்லை. குழை மெல்ல உக்கும், பயிர் கேட்கிற வேகத்தில் கொடுக்கும். யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணைப் பரிசோதித்து, சிபாரிசு அளவைச் சிறு பங்குகளாகப் பிரித்துப் போடுங்கள். அயல்காரர் இரண்டு பங்கு போடுகிறார் என்பது கணக்கல்ல.

தொட்டி வேலை சின்னது. ஒருநாள் முழுக்க வற்றவிட்டு, அடிச் சேற்றைச் சுரண்டி வாரி, சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசுங்கள். காய வைத்தால் மட்டும் போதாது, வித்தி அதற்கு அசையாது. பிறகு மேலே கிடுகோ தகரமோ போட்டு மூடுங்கள். வெளிச்சம் இல்லாமல் இந்தப் பச்சைப் பாசிக்குப் பிழைப்பில்லை, நுளம்பும் குறையும். வாரிய சேற்றையும் பாசியையும் தென்னையடியில் தாழ்த்துங்கள், அதில் இருப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைதரசன். கிணற்றுக் கட்டோரம் கொட்டினால் மழையோடு திரும்பி உள்ளே வரும்.

அதோடு கிணற்றுத் தண்ணீரை நைத்திரேற்றுக்குப் பரிசோதியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்து, இந்தத் தண்ணீரில்தான் பால்மா கரைக்கிறீர்கள் என்றால், முடிவு வரும்வரை வேறு தண்ணீர் எடுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவுதான் கூடும்.