மூன்று சதவீதக் கோடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2020-ல் கொரோனா காலத்தில், பாதுகாப்பு இல்லாமல் பள்ளிகளைத் திறந்தால் வேலைநிறுத்தம் என்று நியூயார்க் நகர ஆசிரியர் சங்கம் மிரட்டியதே, ஏன் கடைசியில் செய்யவில்லை?

பதில்: அந்த மாநிலத்தில் அரசு ஊழியர் வேலைநிறுத்தமே சட்டவிரோதம். டெய்லர் சட்டப்படி, வராத நாளின் சம்பளமும் போகும், இன்னொரு நாள் சம்பளம் அபராதமாகவும் போகும். அதனால் அந்தச் சங்கமான ஐக்கிய ஆசிரியர் கூட்டமைப்பு வேலைநிறுத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசியது. செப்டம்பர் 1 அன்று மேயர் பில் டி பிளாசியோவுடன் உடன்பாடு ஏற்பட்டது. செப்டம்பர் 10-ல் திறக்க வேண்டிய பள்ளிகள் 21-க்குத் தள்ளிப்போயின. அதற்குள்ளும் ஆள் பற்றவில்லை. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், வீட்டில் திரை முன் இருப்பவர்களுக்கு இன்னொருவர் என்றால் யாரைக் கொண்டு நிரப்புவது? பெரும்பாலான பிள்ளைகள் செப்டம்பர் 29-லிருந்துதான் உள்ளே வந்தார்கள்.

கேள்வி: திறந்த பள்ளிகளை நவம்பரில் மறுபடி மூடியது சங்கத்தின் வேலைதானே?

பதில்: மூடியது மேயர் அறிவித்திருந்த விதி. நகரம் முழுக்க எடுக்கும் கொரோனா பரிசோதனைகளில் தொற்று உறுதியாகும் விகிதத்தின் ஏழு நாள் சராசரி 3 சதவீதத்தைத் தொட்டால் எல்லாப் பள்ளிகளும் மூடப்படும் என்பதே அது. நவம்பர் 19 முதல் அப்படித்தான் மூடினார்கள். மாநிலம் வைத்திருந்த மூடும் வரம்போ 9 சதவீதம்.

கோளாறு எங்கே என்றால், அந்த எண் பள்ளிக்குள் நடப்பதைக் காட்டவே இல்லை. யார் பரிசோதனைக்கு வருகிறார்களோ அவர்களைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். பள்ளிகளில் எடுத்த பரிசோதனைகளில் தொற்று மிகக் குறைவு. உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இருந்த அதே நாளில் ஆறு வயதுப் பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பெற்றோர் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோட்டைச் சங்கம் விடாமல் ஆதரித்தது தவறு என்றே சொல்வோம்.

ஆனால் ஆகஸ்டில் சங்கம் கேட்டதைப் பாருங்கள்: உள்ளே வரும் எல்லோருக்கும் பரிசோதனை. பேரத்தில் அது மாதம் ஒருமுறை, ஒரு பகுதியினருக்கு மட்டும் என்று தேய்ந்தது. டிசம்பர் 7-ல் தொடக்கப் பள்ளிகள் திறந்தபோது வாரந்தோறும் 20 சதவீதம் பேருக்குப் பரிசோதனை, பெற்றோரின் சம்மதப் படிவம் கட்டாயம் என்று மாற்றினார்கள். முதலிலேயே செய்திருக்கலாம்.

கேள்வி: வகுப்பறைக் காற்றோட்டத்தை எப்படிச் சோதித்தார்கள்? நாமே கணக்கிட முடியுமா?

பதில்: குச்சி நுனியில் டாய்லெட் பேப்பரைக் கட்டி, காற்றுத் துவாரத்தின் முன் பிடித்தார்கள். தாள் ஆடினால் காற்று நகர்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு என்று தெரியாது. ஆசிரியர்கள் அதை நம்பாததில் வியப்பில்லை.

கணக்கு எளிது. 9 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை 216 கனமீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற வேண்டுமானால் 1,080 கனமீட்டர் தேவை. துவாரமும் ஜன்னலும் தருவது போக மீதியை ஹெப்பா (நுண்துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி) வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஈடுகட்ட வேண்டும். கூடவே பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது ஒரு கார்பன் டை ஆக்சைடு மானியை வையுங்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும். உள்ளே 800-ஐத் தாண்டினால் புதுக்காற்று போதவில்லை. சுத்திகரிப்பான் அந்த எண்ணைக் குறைக்காது. அது துகள்களைத்தான் பிடிக்கும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் அதிக வேகத்துக்கு உரியது. அந்த இரைச்சலில் பாடம் காதில் விழாது என்று வகுப்பில் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே வாங்கும்போதே குறைந்த வேகத்தின் அளவைக் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.